சோடா குடித்துப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள்

நெஞ்சுவலி என்று யார் வந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் முதலில் கேட்பது, "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுங்க?" என்பதைத்தான். சேலத்தில் எனக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "ராத்திரியே ஒரு மாதிரி இருக்குன்னாருங்க. வாய்வுன்னு சோடா வாங்கிக் கொடுத்தோம். ஏப்பம் விட்டதும் தேவலைன்னாரு. விடியக்காலம் பார்த்தா சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு."

ஆஸ்பத்திரியில் காக்க வைக்கிறார்கள் என்ற புகாரில் உண்மை உண்டு. ஆனால் நான் பார்த்தவரை அதிக நேரம் தொலைவது வீட்டில்தான். சோடா, ஓமத் தண்ணீர், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரை, முதுகுக்குத் தைலம், கடைசியில் "விடியட்டும், பார்த்துக்கலாம்".

இதயத்துக்கு ரத்தம் போகும் குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், அரை மணி நேரத்துக்குள்ளேயே அந்தப் பகுதித் தசை சாக ஆரம்பித்துவிடும். இதுதான் மாரடைப்பு. செத்த தசை திரும்ப வளராது. கட்டியைக் கரைக்கும் ஊசியை 12 மணி நேரம் வரை போடலாம் என்பது உண்மைதான். ஆனால் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால் கிடைக்கும் பலன் அப்புறம் கிடைக்காது.

சரி, வாய்வா மாரடைப்பா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? முடியாது. ஈசிஜி இல்லாமல் என்னாலேயே முடியாது. இதயத்தின் அடிப்பக்கத்தில் அடைப்பு வந்தால் மேல்வயிறு எரியும், குமட்டும், வாந்தி வரும். ஏப்பம் விட்டதும் லேசானது என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. அம்மிக்கல்லை நெஞ்சில் தூக்கி வைத்த மாதிரி அழுத்தம், இடது கைக்கோ இரண்டு கைகளுக்குமோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல். இவற்றில் ஒன்று வந்து, சில நிமிடங்களில் அடங்காவிட்டால் கிளம்பிவிட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்கள் விஷயத்தில் நெஞ்சுவலியே இல்லாமலும் வரலாம். ஒரு அம்மா பல்வலி என்று வந்தார். பல வருடச் சர்க்கரை. தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது. நெற்றியில் வியர்வை சொட்ட, முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தார். "எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு, தாடைதான் கடுக்குது. மாத்திரை மட்டும் குடுத்துடு" என்றார். நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது என்பதைக் கூட வந்த மகள்தான் சொன்னார். ஈசிஜியில் மாரடைப்பு தெளிவாக இருந்தது. கடைசிவரை அவர் வாயிலிருந்து நெஞ்சு என்ற சொல்லே வரவில்லை.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சேலத்துக்கு 30 கிலோமீட்டர் சொச்சம், வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வலியோடு பைக்கை எடுத்துக்கொண்டு தானே இறங்குவது, மச்சான் பின்னால் தொத்திக்கொண்டு வருவது எல்லாம் வேண்டாம். மாரடைப்பில் பல மரணங்கள் முதல் ஒரு மணி நேரத்தில், இதயத்துடிப்பு தாறுமாறாவதால் நடக்கின்றன. அது வளைவில் நடந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. 108-ஐக் கூப்பிடுங்கள். எஸ்டேட் உள்ளே இருப்பவர்கள், வண்டி வந்து நிற்கக்கூடிய ரோட்டுக்கு நோயாளியை நடக்க விடாமல் கொண்டு வாருங்கள். கீழே எந்தப் பெரிய ஆஸ்பத்திரி நல்லது என்ற விவாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதல் ஈசிஜி பக்கத்தில் எங்கே கிடைக்குமோ அங்கே போங்கள். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் டோஸை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து அனுப்புகிறார்கள். அதைப் போட்டதும் வலி குறைந்துவிட்டது என்று வீடு திரும்பிவிடக் கூடாது. அது வழிக்கான மருந்து மட்டும்தான்.

முதல் ஈசிஜி நார்மல் என்றாலும் உடனே கிளம்பாதீர்கள். சில மாரடைப்புகள் முதல் ஈசிஜியில் தெரியாது. இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்ற புரதம், ரத்தப் பரிசோதனையில் காட்டவும் சில மணி நேரம் பிடிக்கும். இருக்கச் சொன்னால் இருங்கள், காரணம் இருக்கிறது.

விடாமல் இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸப்பில் சுற்றுவது பொய். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடுவது அதைவிட மோசம்; ரத்த அழுத்தம் ஏற்கெனவே குறைந்திருந்தால் ஆள் அங்கேயே சாய்ந்துவிடுவார். ஆண்மைக்காக ஏதாவது மாத்திரை போட்டிருந்தால், அதையும் எங்களிடம் சொல்லிவிடுங்கள். அதோடு இந்த நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் சேர்ந்தால் அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். வீட்டம்மா பக்கத்தில் இருக்கும்போது சொல்லக் கூச்சமாக இருந்தால், அவரை ஓபி சீட்டு வாங்க அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள்.