பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த கரண்ட்

குடியாத்தத்தில் கைலித் தறி நெய்கிற ஒரு தம்பி கேட்டிருந்தார். வயது 24, ஒன்றரை வயதில் பெண் குழந்தை. ஆறு மாதமாக வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை வற்றிக்கொண்டே போகிறதாம், அறுந்த இழையை முடிச்சுப் போட வரவில்லை, பாப்பா கவுனுக்குப் பட்டன் போட்டால் விரல் நழுவுகிறது. "மோட்டார் நியூரான் நோயாக இருக்கலாம், வேலூரில் ஊசி டெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஊசி என்னத்தைக் கண்டுபிடிக்கும் அண்ணே என்கிறார்.

மூளையின் உத்தரவைத் தண்டுவடத்து நரம்பு செல் தசைக்குக் கொண்டுபோகும், அது பள்ளியில் படித்ததுதான். ஒரு செல்லுக்குக் கீழே ஒரு கூட்டம் தசை இழைகள் உண்டு. கண்ணை அசைக்கும் தசையில் பத்து போல, கெண்டைக்காலில் ஆயிரத்துக்கு மேல். இந்த நோயில் அந்த செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன.

ஆனால் செல் செத்ததும் அதன் இழைகள் வீணாகிவிடுவதில்லை, எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத இடம் இது. ஒரு வீட்டில் கரண்ட் போய்விட்டால் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்வோமே, அதே மாதிரி உயிரோடு இருக்கும் பக்கத்து நரம்பு புதுக் கிளை விட்டு, ஆதரவில்லாத இழைகளைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அதனால் நிறைய செல்கள் போன பிறகும் கையில் பலம் இருக்கும். அந்த லைனும் தாங்காதபோதுதான் பட்டன் நழுவுகிறது.

ஊசி இதைத்தான் ஒட்டுக்கேட்கிறது. அதிலிருந்து ஷாக் வராது. தோல்மேல் ஷாக் வைப்பது வேறு சோதனை. தசைக்குள் ஓடும் மின்சாரம் திரையில் அலையாகவும் ஸ்பீக்கரில் சத்தமாகவும் வரும். கையைத் தளர்த்தினால் நல்ல தசை அமைதியாக இருக்கும். நரம்பை இழந்த இழையோ தானாகத் துடிக்கும், தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம். அப்புறம் லேசாக இறுக்கச் சொல்வார்கள். ஒரே செல்லின் கீழ் இழைகள் கூடியிருந்தால் அலை உயரமாகும், புதுக் கிளைகளில் மின்சாரம் மெதுவாக ஓடி முன்னே பின்னே வந்து சேர்வதால் அகலமும் ஆகும். மாதக்கணக்கில் நடந்த ஒயர் இழுப்பு முழுவதும் அந்த ஒரு அலையில் தெரிந்துவிடும்.

சரி, அலை பெரிதானால் நோய் உறுதியா? இல்லை. கழுத்தில் நரம்பு நசுங்கினாலும் இதே அலைதான், அதனால்தான் கை, கால், முதுகு என்று பல இடத்தில் குத்திப் பார்க்கிறார்கள். உங்கள் வயதில் ஒரு கை மட்டும் சூம்பினால் ஹிராயாமா நோயாகவும் இருக்கலாம். கழுத்தைக் குனியும்போது தண்டுவடத்தின் உறை முன்னால் தள்ளி அழுத்துவதால் வருவது அது, பெரும்பாலும் சில வருடத்தில் தானாக நின்றுவிடும். குனிந்த நிலையில் எடுக்கும் எம்ஆர்ஐயில்தான் தெளிவாகத் தெரியும், கேட்டு வாங்குங்கள்.

செய்வினை என்று யாராவது மந்திரிக்கக் கூப்பிட்டால் போகாதீர்கள், தம்பி, மாதங்கள் வீணாகும். நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில். உங்களுக்கு அது பஸ் தூரம். காது மந்தமாவதோடு சேர்ந்து வரும் 'மெட்ராஸ்' வகை மோட்டார் நியூரான் நோய் பெரும்பாலும் தென்னிந்தியர்களிடம்தான் காணப்படுகிறது, 1970-லேயே எழுதப்பட்டது, காரணம் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. நம் ஜனங்களுக்கு வரும் நோய்க்கு நம் அரசு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்காமல் வேறு யார் ஒதுக்குவார்கள்?

பாப்பாவுக்கும் வருமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். மோட்டார் நியூரான் நோயே என்றாலும் பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்திருக்காது. தாத்தா, மாமன், சித்தப்பா யாருக்காவது கை கால் சூம்பியிருந்ததா என்று மட்டும் அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள், டாக்டர் கேட்பார்.