நிறம் மாறும் விளக்கு வெள்ளையை எப்படித் தயாரிக்கிறது?

நிறம் மாறும் ஸ்மார்ட் விளக்குகளின் பெட்டியில் ‘1.6 கோடி நிறங்கள்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது ஒரு பெருக்கல் கணக்கு, அவ்வளவுதான். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வகை எல்இடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் 0 முதல் 255 வரை 256 படிகளில் கூட்டிக் குறைக்கலாம். 256 × 256 × 256 என்று பெருக்கினால் 1,67,77,216. இதில் பக்கத்துப் பக்கத்து நிறங்களை நம் கண்ணால் பிரித்துச் சொல்லவே முடியாது. ஆகவே விளக்கு வாங்கும்போது அந்த எண்ணை விட்டுவிட்டு, இந்த விளக்கு வெள்ளை வெளிச்சத்தை எப்படித் தயாரிக்கிறது என்று பாருங்கள்.

அது ஏன் முக்கியம் என்பது கண்ணின் அமைப்பில் இருக்கிறது. விழித்திரையில் நிறம் காண்பதற்கென்று மூன்று வகைக் கூம்பு செல்கள் உள்ளன. ஒரு வகை 420 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளிக்கும், இன்னொன்று 530-ஐ ஒட்டிய ஒளிக்கும், மூன்றாவது 560-ஐ ஒட்டிய ஒளிக்கும் அதிகமாகத் தூண்டப்படும். நிறம் என்று நாம் உணர்வதெல்லாம் இந்த மூன்றும் எந்த விகிதத்தில் தூண்டப்பட்டன என்பதிலிருந்து வருவதுதான். சோடியம் விளக்கின் மஞ்சள் 589 நானோமீட்டரில் இருக்கும் உண்மையான மஞ்சள். சிவப்பு எல்இடியையும் பச்சை எல்இடியையும் சேர்த்து எரியவிட்டால் 589-இல் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது, ஆனாலும் செல்கள் அதே விகிதத்தில் தூண்டப்படுவதால் நமக்கு மஞ்சள்தான் தெரியும். மூன்றே எல்இடிகளை வைத்துக்கொண்டு இத்தனை நிறம் காட்ட முடிவது இதனால்தான். எனக்கு இது எத்தனை முறை யோசித்தாலும் வியப்பு குறையாத விஷயம்.

மூன்றையும் சேர்த்து எரியவிட்டால் வெள்ளை வரும். சுவரில் விழும்போது அதில் ஒரு குறையும் தெரியாது. அந்த வெளிச்சத்தில் ஒரு முகத்தையோ பழத்தையோ பார்க்கும்போதுதான் சிக்கல். ஒரு பொருள் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. விழும் ஒளியில் இல்லாத அலைநீளத்தை அதனால் திருப்பி அனுப்ப முடியாது. மூன்று நிறக் கலவையின் வெள்ளையில் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. அதனால் தோல் சோகை பிடித்ததுபோலவோ, தேவைக்கு மேல் சிவந்தோ தெரியும். மரச்சாமான்களின் பழுப்பும் மாறிப்போகும்.

தனி வெள்ளை எல்இடி வேறு வழியில் வேலை செய்கிறது. அதன் அடியில் இருப்பது நீல எல்இடி. மேலே பூசியிருக்கும் பாஸ்பர் என்ற பொருள் நீலத்தின் ஒரு பகுதியை உறிஞ்சி, பச்சையிலிருந்து சிவப்புவரை பரந்த ஒளியாக வெளியிடுகிறது. எஞ்சிய நீலமும் இதுவும் சேர்ந்து, நடுவில் அவ்வளவு பெரிய பள்ளம் இல்லாத வெள்ளையாகிறது. பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த வெள்ளை ஒளியும் காரணம்.

ஆகவே விவரக் குறிப்பில் வெறும் ‘ஆர்ஜிபி’ (சிவப்பு, பச்சை, நீலம் மட்டும்) என்று இருந்தால் அது அலங்கார விளக்கு. ‘ஆர்ஜிபிடபிள்யூ’ என்றால் தனி வெள்ளை உண்டு. ‘ஆர்ஜிபிசிசிடி’ என்றால் மஞ்சள் சாய்ந்த வெள்ளை, நீலம் சாய்ந்த வெள்ளை இரண்டுமே உண்டு. கூடத்தில் வைத்து அன்றாடம் புழங்கப்போகும் விளக்கென்றால் நான் இதைத்தான் சொல்வேன். கூடவே, விளக்கு பொருள்களின் நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று சொல்லும் சிஆர்ஐ என்ற மதிப்பையும் பாருங்கள். 100 முழு மதிப்பு, 90-க்கு மேல் இருந்தால் நல்லது. ஆனால் இது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு எப்படித் தெரியும் என்பதை ஆர்9 என்ற தனி மதிப்புதான் சொல்லும். சிஆர்ஐ 80 உள்ள விளக்கிலும் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருக்கலாம். இந்த எண்கள் எதுவும் கிடைக்காவிட்டால், விளக்கை வெள்ளையில் வைத்து உள்ளங்கையை அதன் கீழே நீட்டுங்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்த அதே கையாகத் தெரிகிறதா?

வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமென் கணக்கிலும் ஒரு கவனம் வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 800 லூமென் தரும். பெட்டியில் உள்ள லூமென் பெரும்பாலும் வெள்ளைக்கானது. நம் கண்ணுக்கு நீலத்தில் கூர்மை குறைவு என்பதால், அடர் நீலத்துக்கு மாற்றியதும் அறை இருண்டுவிடும். அது பழுதல்ல.

அப்புறம், மங்கலாக்கிப் பாருங்கள். பல விளக்குகள் எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. வேகம் போதாவிட்டால் கண் களைத்துப்போகும், சிலருக்குத் தலைவலியும் வரும். குறைந்த வெளிச்சத்தில் ஒரு பென்சிலை விளக்கின் முன் விசிறுங்கள். தொடர்ச்சியான மங்கலுக்குப் பதில் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் அந்த விளக்கு வேண்டாம்.

படுக்கையறைக்கு என்றால் இன்னொன்று. கூம்பு செல்கள் தவிர, விழித்திரையில் 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை உணரும் வேறு செல்களும் இருக்கின்றன. இவை உடலின் கடிகாரத்துக்குப் பகலா இரவா என்று சொல்கின்றன. இரவில் நீலம் சாய்ந்த வெள்ளை எரிந்தால், தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பு குறையும். மஞ்சள் சாய்ந்த வெள்ளையில், அதாவது 2700 கெல்வின் அல்லது அதற்குக் கீழே, மங்கலாக வைப்பது நல்லது.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போன் இல்லாமலும் இயக்க விளக்கிலேயே ஒரு பொத்தான் இருக்கட்டும். ‘மேட்டர்’ தரநிலை இருந்தால் வெவ்வேறு நிறுவனக் கருவிகளோடு ஒத்துப்போகும். மின்சாரம் போய்வந்தால் என்ன நிலையில் எரிய வேண்டும் என்று குறிக்கும் அமைப்பு இருக்கிறதா என்பதை மட்டும் மறக்காமல் பாருங்கள். அது இல்லாத விளக்கு, நள்ளிரவில் மின்சாரம் திரும்பியதும் முழு வெள்ளையில் எரிந்து எல்லோரையும் எழுப்பிவிடக்கூடும்.