பாதி வழியில் நின்ற ஒலிமாற்றம்

இன்றைய பிரான்சின் தென்பகுதியில் இடைக்காலத்தில் புழங்கிய மொழி ஆக்சிதான். அதைப் பிரெஞ்சின் வட்டார வழக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. ரோமப் படைவீரர்களும் வணிகர்களும் கொண்டுவந்த பேச்சு லத்தீனிலிருந்துதான் இரண்டுமே தனித்தனியாகக் கிளைத்தன.

எப்படிப் பிரிந்தன? 'வாழ்வு' எனப் பொருள்படும் 'வீத்தா' என்ற லத்தீன் சொல்லைப் பாருங்கள். தமிழில் 'பத்து' என்னும்போது வன்மையாக ஒலிக்கும் தகரம், 'பதம்' என்னும்போது இரு உயிர்களுக்கு நடுவே மெலிந்துவிடுகிறது அல்லவா? அதே மெலிவு அங்கும் நடந்தது. தெற்கில் அந்தச் சொல் 'வீதா' ஆனது. வடக்கும் அதே வழியில்தான் போனது, ஆனால் அங்கே மெலிவு நிற்கவில்லை. தகரம் தேய்ந்து தேய்ந்து காணாமலே போய், பிரெஞ்சில் இன்று 'வீ' மட்டும் மிச்சம். உயிரொலியிலும் தெற்குக்கு அவசரமில்லை: கடலைக் குறிக்கும் 'மாரே' அங்கே 'மார்', வடக்கில் 'மேர்'.

தெற்கு ஏன் இவ்வளவு நிதானம்? தெற்கே நார்பொன் நகரில் ரோமர்கள் கிமு 118இலேயே குடியேறிவிட்டார்கள். சீசர் வடக்கே படையெடுத்தது 60 ஆண்டுகள் கழித்துத்தான். அப்புறம், பேரரசு சரிந்தபோது ஜெர்மானிய மொழி பேசிய பிராங்குகள் வடக்கில்தான் அடர்த்தியாகக் குடியமர்ந்தார்கள். லத்தீன் தெற்கில் முன்பே வேரூன்றியது, வடக்கில் பிராங்குகளின் பேச்சு அதை மாற்றியது என மொழியியலாளர்கள் இரண்டு காரணங்களையும் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதுதான் வலுவாகப் படுகிறது.

ஆனால் கோடு கிழித்தாற்போல எல்லை கிடையாது. 'பாடுதல்' என்பதற்குத் தெற்கில் பல இடங்களில் 'கன்தார்'; வடக்கோரம் லிமோசின் பக்கம் 'சன்தார்', அதாவது முதலெழுத்து பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்துவிட்டது. ட்ரூபடூர் என்னும் பாணர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. அவர்களில் பாடல்கள் கிடைத்திருக்கும் முதல் ஆள் அக்கித்தேன் கோமகன் ஒன்பதாம் கியேம் (1071–1126). வெவ்வேறு ஊர்க்காரர்களான இவர்கள் ஒரு பொதுமொழியில் பாடினார்கள். ஏடுகளில் இரண்டு வடிவங்களும் கலந்தே கிடக்கின்றன.

'ஆம்' என்பதற்குத் தெற்கில் 'ஓக்', வடக்கில் 'ஓயில்', இத்தாலியில் 'சி'. 1300களின் தொடக்கத்தில் இத்தாலியக் கவிஞர் தாந்தே இதை வைத்தே மொழிகளைப் பிரித்தார். ஆக்சிதானுக்கு 'ஓக்' மொழி என்ற பெயர் நிலைத்தது அப்படித்தான். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பே, கட்டலான் கவிஞர் ரைமோன் விதால் இம்மொழிக்கு ஓர் இலக்கண நூல் எழுதியிருந்தார். லிமோசின் மொழி என்ற பொருளில் அவர் அதை 'லெமொசி' என்றார். வெளியூர்க் கவிஞர்களும் பிழையில்லாமல் பாட்டுக் கட்டவேண்டும் என்பதுதான் அவர் கவலை.