கொள்கலன் இருக்கையில் 'மெய்நிகர் பெட்டி' எதற்கு?

ஒரு செயலியை அது ஓடத் தேவையானவற்றோடு சேர்த்துப் பொதிந்து தனித்து ஓடவிடுவதுதான் கண்டெய்னர், அதற்கான கருவி டாக்கர். டாக்கர் பற்றித் தமிழில் வரும் காணொளிகளிலும் மொழிபெயர்த்த கையேடுகளிலும் கண்டெய்னரை 'மெய்நிகர் பெட்டி' என்கிறார்கள். யாரோ ஒருவர் சொன்னால் போகட்டும் என்று விட்டுவிடலாம், இப்போது திரும்பிய பக்கமெல்லாம் அதுதான். கேட்க நன்றாக இல்லை என்பதற்காக எரிச்சல்படவில்லை, அது தப்பான விஷயத்தைச் சொல்கிறது.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் சேர்த்துப் பிடித்துவைத்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது கண்டெய்னர். எதையும் உள்ளே வைக்கிற ஏனம் என்ற பொதுப்பொருள், 1956இல் மால்கம் மெக்லீனின் கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போன பிறகு சரக்குப் பெட்டிக்கே உரியதுபோல ஆனது. 2013இல் வெளியான டாக்கர் அந்த உருவகத்தை அப்படியே வாங்கிக்கொண்டது, அதன் சின்னமே பெட்டிகள் சுமக்கும் திமிங்கிலம். தமிழில் இதற்குக் கொள்கலன்: கொள் + கலன். கலன் என்றாலும் கலம் என்றாலும் ஒன்றுதான்: சோறு போடும் ஏனமும் கலம், கடலில் போகும் கப்பலும் கலம். ஏனம், கப்பல் இரண்டும் ஒரே சொல்லில் கையில் இருக்கும்போது புதுசாக எதற்கு ஒன்று?

சரி, 'மெய்நிகர்' என்ன கெடுதல் செய்கிறது? அந்தச் சொல்லை நாம் ஏற்கெனவே வர்ச்சுவலுக்குக் கொடுத்துவிட்டோம். மெய்நிகர் கணினி என்றால் போலி வன்பொருள், அதன்மேல் தனி இயங்குதளம், அதன் மையப்பகுதியான கெர்னலும் தனி. கொள்கலனில் இதெல்லாம் கிடையாது. அது ஓடுகிற கணினியின் கெர்னலையே பயன்படுத்தும் சாதாரண புராசஸ்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்; அதன் கண்ணுக்கு எது படலாம் என்று கெர்னலின் நேம்ஸ்பேஸ் வசதி எல்லை கட்டுகிறது, எவ்வளவு நினைவகம் தின்னலாம் என்று சிகுரூப் வசதி அளந்து கொடுக்கிறது. சந்தேகமிருந்தால் ஒரு லினக்ஸ் கணினியில் நோடு செயலி ஒன்றைக் கொள்கலனில் ஓடவிட்டு, வெளியே இருந்து புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை கொடுத்துப் பாருங்கள், மற்ற புராசஸ்களோடு அதுவும் வரிசையில் நிற்கும். மெய்நிகர் கணினிக்குள் ஓடுவது அப்படி வெளியே தெரியாது.

மேக்கிலும் விண்டோஸிலும் டாக்கர் டெஸ்க்டாப் ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியைத்தானே ஓட்டுகிறது என்று கேட்பார்கள். ஆமாம், ஆனால் அது அடியில் இருக்கும் தரை. கொள்கலன்கள் எல்லாமாகச் சேர்ந்து அந்த ஒன்றின்மேல் ஓடுகின்றன, ஆளுக்கொன்று இல்லை.

இது வெறும் சொல் சண்டை இல்லை. 'மெய்நிகர் பெட்டி' என்று படித்தவர் அதைக் குட்டிக் கணினி என்றே நினைக்கிறார். உள்ளே போய் ஆப்ட் என்ற நிறுவல் கட்டளை போட்டு ஒரு நிரலகத்தை நிறுவுகிறார், அமைவுக் கோப்பைக் கையால் திருத்துகிறார், வலைச்செயலி அருமையாக ஓடுகிறது. மறுநாள் கொள்கலன்களை நீக்கும் கம்போஸ் டவுன், புதிதாக உண்டாக்கும் கம்போஸ் அப், எல்லாம் போச்சு. அவர் செய்ததை டாக்கர்ஃபைல் என்ற செய்முறைக் கோப்பில் எழுதி, கொள்கலனுக்கு அச்சாக இருக்கும் படிமத்தை (இமேஜ்) கட்டியிருக்க வேண்டும், தரவுத்தளத்துக்கு, கொள்கலன் போனாலும் தரவு தங்கும் இடமான ஒரு வால்யூமை இணைத்திருக்க வேண்டும். 'கொள்' என்றாலும் வைத்துக்கொள்ளும் என்றுதானே தோன்றும் என்று ஒருவர் என்னை மடக்கினார். தோன்றட்டும், ஆனால் கலனைக் கவிழ்த்துக் கழுவுவது யாருக்கும் அதிர்ச்சி இல்லை.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வலைச்செயலி ஒரு கொள்கலனிலும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இன்னொன்றிலும் இருக்கும்போது, செயலியின் அமைவில் லோக்கல்ஹோஸ்ட் (இதே கணினி) என்று எழுதினால் இணைப்பு மறுக்கப்படும், கம்போஸ் கோப்பில் வைத்த சேவைப் பெயரைத்தான் எழுத வேண்டும். ஏன் என்று புரியவைக்கத் தனிக் கணினி என்ற நினைப்பு உதவும். அந்த ஒரு இடத்தில் மட்டும்.

ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் இருந்தது என்பது வேறு கதை. இன்றைய சிகுரூப்புக்கு முதலில் வைத்த பெயர் புராசஸ் கண்டெய்னர். லினக்ஸ் கெர்னலில் கண்டெய்னர் என்றால் பல அர்த்தம் வருகிறது என்று 2007இல் மாற்றினார்கள். அவர்கள் குழப்பத்தைப் பார்த்துப் பெயரை மாற்றினார்கள், நாம் குழப்பத்தைத் தேடிப்போய் பெயர் வைக்கிறோம்.

அப்புறம் இந்த 'மயமாக்கல்' நோய். 'கொள்கலமயமாக்கப்பட்ட வளர்ச்சிச் சுற்றுச்சூழல்' என்று ஒரு தலைப்பைப் பார்த்தேன். ஏதோ காடு வளர்ப்புத் திட்டம் போல இருக்கிறது. சுற்றுச்சூழல் என்றால் காற்று, நீர், மண். இங்கே சூழல் போதும். 'கொள்கலனில் ஓடும் நிரலாக்கச் சூழல்' என்றால் வாய்விட்டுப் படிக்கவும் முடிகிறது, புரியவும் செய்கிறது. இமேஜைப் பிம்பம் என்பவர்களுக்கும் இதே பதில்: கண்ணாடியில் தெரிவது பிம்பம், இது படிமம்.

வால்யூமை 'ஒலியளவு' என்று மொழிபெயர்த்த கையேடும் உண்டு. தரவுத்தளத்துக்கு ஒலியளவை இணைக்கச் சொல்கிறார்கள்! வால்யூமுக்கு 'சேமகம்' என்று நானே சொல்லிப் பார்த்தேன், சேமிப்பகத்தோடு மோதுகிறது. நல்லதாக ஒன்று அகப்படும்வரை வால்யூம் என்றே எழுதப்போகிறேன்.