உப்புக்காற்றில் ஒரு டிரெய்லர் வீடு

கடலூரில் ஏப்ரல் வெயிலிலும் இரும்பு நனைந்துதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று கரைக்குள் தள்ளுகிறது. தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். தேவனாம்பட்டினத்திலோ அரியாங்குப்பத்திலோ ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். ஆக, உப்பு படிந்த இரும்பின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் பெரும்பாலும் இருந்துகொண்டே இருக்கும்.

டிரெய்லர் மேல் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொள்ள ஆசைப்படும் நம் ஊர்க்காரர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். செங்கல் வீட்டின் அஸ்திவாரம் மண்ணுக்குள் இருக்கிறது. இந்த வீட்டுக்கோ இரும்புச் சேஸிஸ்தான் அஸ்திவாரம். அது முழுக்கக் காற்றுபடக் கிடக்கிறது. அதைக் காப்பது கால் மில்லிமீட்டர்கூட இல்லாத பெயின்ட். உள்ளே போடும் பிளைவுட்டில் மிச்சம் பிடித்தாவது சேஸிஸ் பெயின்ட்டுக்குச் செலவழியுங்கள் என்றுதான் சொல்வேன்.

துரு எப்படிப் பிடிக்கிறது? இரும்பின் ஒரு புள்ளியில் அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. பக்கத்தில் இன்னொரு புள்ளியில் ஆக்சிஜனும் நீரும் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கின்றன. எலக்ட்ரான் போவதற்கு இரும்பே வழி. ஆனால் சுற்று முழுமையாக வேண்டுமானால் அயனிகள் நீர் வழியாக நகர வேண்டும். நல்ல நீரில் இது மெதுவாக நடக்கும். உப்புநீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால் வேகம் கூடிவிடுகிறது. உருவாகும் துரு, கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். பெயின்ட்டை அடியிலிருந்து தூக்கிக் கொப்புளமாக்குவது இதுதான்.

வெல்டிங் பட்டறையில் கேட்டால் பிரைமராக, அதாவது முதல் அடிப்பூச்சாக, ரெட் ஆக்சைடு அடித்துவிடலாம் என்பார்கள். விலை குறைவான ரெட் ஆக்சைடில் இருக்கும் நிறமி இரும்பு ஆக்சைடு. அது நீரையும் காற்றையும் கொஞ்சம் மறைக்கும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. ஒரு கீறல் விழுந்தால் கதை முடிந்தது. துத்தநாகப் பாஸ்பேட் கலந்த பிரைமர் அதைவிட மேல். நீர் உள்ளே புகுந்தாலும் அந்தப் பாஸ்பேட் இரும்பின் மேல் ஒரு தடுப்புப் படலத்தை உண்டாக்கும். துத்தநாகக் குரோமேட்டும் இந்த வேலையை நன்றாகச் செய்யும். ஆனால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. வீட்டு முற்றத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போகிறவர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

கடலோரத்துக்கு உண்மையில் பொருத்தமானது துத்தநாகத்தூள் நிறைந்த எப்பாக்ஸிப் பிசின் பிரைமர்தான். காய்ந்த படலத்தில் பெரும்பகுதி துத்தநாகமே இருக்கும். இரும்பைவிடத் துத்தநாகம் எலக்ட்ரானை எளிதாக விட்டுக்கொடுக்கும். கீறல் விழுந்த இடத்தில் முதலில் கரைவது அதுதான், இரும்பு தப்பித்துக்கொள்ளும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. துத்தநாகத் துகள்கள் இரும்பை நேரடியாகத் தொட வேண்டும். துருவின் மேலோ பழைய பெயின்ட்டின் மேலோ அடித்தால் மின்தொடர்பு அறுந்துவிடும், கொடுத்த காசும் வீண். அதனால் முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவ வேண்டும். காய்ந்தபின் கிரைண்டரிலோ மணல் வீச்சிலோ உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் உப்பு இரும்புக்குள் இன்னும் அழுந்திப் போகும்.

அடிக்கும் நேரமும் முக்கியம். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் சுமார் 26 டிகிரியிலேயே பனி படியும். இரவில் வானத்தைப் பார்த்துக் கிடந்த இரும்பு காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். காலையில் கை வைத்தால் ஈரம் தெரியாமலிருக்கலாம், ஆனால் படலம் இருக்கும். இரும்பின் சூடு பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது மேலே வரும்வரை பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். அப்புறம் விளிம்புகள். ஈரமான பெயின்ட் பரப்பு இழுவிசையால் கூர்மையான விளிம்பைவிட்டு விலகி மெலிந்துவிடும். விளிம்புகளை உருட்டிவிட்டு, வெல்டிங் தடங்களோடு சேர்த்து பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட் கொடுத்துவிட்டுத்தான் முழுதும் அடிக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 200 மைக்ரானுக்கு (0.2 மில்லிமீட்டர்) மேல் வந்தால் நிம்மதி. எப்பாக்ஸி வெயிலில் பொடியாகும். அடிப்பக்கத்தில் பரவாயில்லை, வெயில்படும் பக்கங்களில் மேலே பாலியூரித்தேன் பெயின்ட் வேண்டும்.

கூரைக்கு ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) போட்டு நேரடியாக எனாமல் அடிப்பது நம் பக்கத்தில் பழக்கம். அது தோல்தோலாக உரிவதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. எனாமலில் உள்ள எண்ணெய்ப் பிசின் ஷீட்டின் துத்தநாகப் பூச்சோடு வினைபுரிந்து ஒருவகைச் சோப்பாகவே மாறுகிறது, பிடிப்பு போய்விடுகிறது. ஜி.ஐ.க்கு என்றே உள்ள பிரைமர் போட்டு, மேலே அக்ரிலிக் அடிக்க வேண்டும்.

நிறம் வெள்ளையாகவே இருக்கட்டும். 6 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலக் கூரையின் பரப்பு 15 சதுர மீட்டர். நடுப்பகல் வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் என்பதால் கூரை மேல் விழுவது 15 கிலோவாட். கறுப்புக்கு நெருக்கமான நிறம் அதில் 13 கிலோவாட்டை வாங்கிக்கொள்ளும். புது வெள்ளை 3 கிலோவாட் அளவில் நிறுத்திவிடும். உள்ளே வெக்கை குறைவதோடு இன்னொரு லாபமும் உண்டு. ஜி.ஐ.க்குப் பதில் அலுமினியம் போட்டிருந்தால், 6 மீட்டர் ஷீட் 40 டிகிரி சூடேறும்போது ஐந்தரை மில்லிமீட்டர் நீளும். இரும்புச் சட்டம் 3 மில்லிமீட்டர்கூட நீளாது. இந்த வித்தியாசம் தினமும் திருகுகளைச் சுற்றி ஓட்டையைப் பெரிதாக்கும். சூடு குறைந்தால் இழுபறியும் குறையும். ஃபெஞ்சல் புயல் கரையேறிய 2024 நவம்பர் 30-ஐ ஒட்டிய 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் ஒரு திருகு ஓட்டை போதும், சுவருக்குள் தண்ணீர் இறங்கிவிடும். இணைப்புகளில் பட்டி வைக்காமல், காய்ந்தபின்னும் ரப்பராக நெகிழும் சீலன்ட் வையுங்கள். பட்டி ரோட்டு அதிர்விலேயே வெடித்துவிடும்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமையல் மேடையும் தண்ணீர்த் தொட்டியும் சக்கர அச்சுக்குப் பின்னால் போனால், ஓடும்போது டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பக்கக் கொக்கியில் இறங்குவதுபோல் சாமான்களை அடுக்க வேண்டும்.

நிறுத்தி வைத்தபின் பயப்பட வேண்டியது காற்றுக்கு. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த தானே புயலின் காற்று மணிக்கு 140 கி.மீ. வரை போனது. அந்த வேகத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் சுவர் மேலும் சுமார் 90 கிலோ அழுத்தம் விழும். 15 சதுர மீட்டர் பக்கச் சுவர் என்றால் 1.3 டன்னுக்கு மேல். எதிர்ப்பக்கம் உறிஞ்சும் விசையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 3 டன் எடையும் 2 மீட்டர் சக்கர இடைவெளியும் உள்ள வீடு கவிழும் எல்லைக்கே வந்துவிடும். அக்டோபருக்கு முன்பே நான்கு மூலைகளிலும் கான்கிரீட்டில் பதித்த கம்பியோடு சேஸிஸைக் கட்டிவிட வேண்டும்.

அந்தக் கட்டு வளையங்களும் வெல்டிங் வைத்தவைதான். சூட்டில் பெயின்ட் கருகியிருப்பதால் உப்பு முதலில் கைவைப்பது அங்கேதான். மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவும்போது வளையங்களை விரலால் தடவிப் பாருங்கள். கொப்புளம் தட்டுப்பட்டால் மேலே பூசி மறைக்காமல் சுரண்டிவிட்டு, துத்தநாக பிரைமரிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.