நிலையத்தின் கடிகாரமும் உங்கள் ஸ்டீரியோவின் கடிகாரமும்

ஒரே வானொலி நிலையத்தை ஓர் அறையில் எஃப்எம்மிலும் பக்கத்து அறையில் இணையம் வழியாகவும் போட்டுப் பாருங்கள். எஃப்எம்மில் அறிவிப்பாளர் பேசி முடித்துப் பாட்டே ஆரம்பித்திருக்கும். இணைய வானொலியில் அவர் அப்போதுதான் வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். பத்து விநாடி, இருபது விநாடி, சில நிலையங்களில் அரை நிமிடம்கூடப் பிந்தி வரும். தூரத்திலிருந்து வருவதால் இந்தத் தாமதம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. பூமியின் மறுபக்கத்திலிருந்து நேர்வழியில் வந்தால் பயணத்துக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். மீதித் தாமதத்தில் பெரும்பகுதி வேண்டுமென்றே வைத்தது.

காரணம் புரிய, ஒலி எப்படிப் பயணம் செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சிடி தரத்தில் அப்படியே அனுப்புவதென்றால் விநாடிக்கு 44,100 மாதிரிகள் (அந்தந்தக் கணத்தில் ஒலியை அளந்த எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு தடங்கள். பெருக்கினால் 14,11,200 பிட். நிலையங்கள் இதை எம்பி3, ஏஏசி போன்ற முறைகளில் சுருக்கி, பல நேரம் 1,28,000 பிட்டுக்குள் அடக்கிவிடுகின்றன. பதினொன்றில் ஒரு பங்கு. இது சாத்தியமாவதற்குக் காரணம் நம் காதின் பலவீனம். மேளம் ஓங்கி விழும் கணத்தில், அதை ஒட்டிய அதிர்வெண்ணில் இருக்கும் மெல்லிய ஒலிகளைக் காது கவனிப்பதில்லை. கவனிக்காத இடத்தில் எதற்குச் செலவு என்று சுருக்கும் நிரல் அங்கெல்லாம் பிட்டைக் கஞ்சத்தனமாகக் கொடுக்கிறது.

எம்பி3 ஓடை (ஸ்ட்ரீம்) என்பது சின்னச் சின்ன ஃபிரேம்களின் வரிசை. ஒரு ஃபிரேமில் 1,152 மாதிரிகள். 44,100 மாதிரி வேகத்தில் அது 26 மில்லிவிநாடி இசை, 1,28,000 பிட் வேகத்தில் சுமார் 418 பைட் (8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்). நீங்கள் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் கணத்தில் உங்கள் பெட்டி, அதாவது இணைய வானொலியை வாங்கி ஸ்டீரியோவுக்குக் கொடுக்கும் கருவி, ஏதோ ஒரு ஃபிரேமின் நடுவில்தான் போய் விழும். அதனால் முதல் வேலையாக, வரும் பிட்களில் தொடர்ச்சியாக 11 ஒன்றுகள் வருகிற இடத்தைத் தேடுகிறது. ஒவ்வொரு ஃபிரேமும் அப்படித்தான் தொடங்கும். அது கிடைத்ததும் அங்கிருந்து பிரித்து வாசிக்க ஆரம்பிக்கும்.

பாட்டின் பெயர் திரையில் ஓடுகிறதே, அது வரும் வழி இன்னும் வேடிக்கையானது. நிலையங்கள் ஒலியை அனுப்பப் பயன்படுத்தும் ஷவுட்காஸ்ட், ஐஸ்காஸ்ட் வகை சர்வர்களிடம் "எனக்குப் பாட்டு விவரமும் வேண்டும்" என்று உங்கள் பெட்டி கேட்டால், "இத்தனை பைட்டுக்கு ஒருமுறை செருகி அனுப்புகிறேன்" என்று சர்வர் ஓர் எண்ணைத் திருப்பிச் சொல்லும். ஐஸ்காஸ்டில் வழக்கமாக 16,000. 1,28,000 பிட் ஓடையில் அது சரியாக ஒரு விநாடி. ஒவ்வொரு 16,000 பைட் இசைக்குப் பிறகும் ஒரே ஒரு பைட் வரும். அதிலுள்ள எண்ணை 16-ஆல் பெருக்கினால் அடுத்து வரும் எழுத்துகளின் நீளம். பாட்டு மாறாத வரை அந்த பைட் பூஜ்யம்தான். இந்தக் கணக்கில் ஒரே ஒரு பைட் தவறினாலும் பாட்டின் பெயர் இசைக்குள் கலந்து 'க்ளிக்' என்று காதில் விழும். 1990களின் கடைசியில் அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது தாமதத்துக்கு வருவோம். இணையத்தில் எதுவும் பாக்கெட் என்ற சிறு பொட்டலங்களாகத்தான் போகும். ஒரு பாக்கெட்டில் ஏறுவது ஏறத்தாழ 1,460 பைட். ஆக நம் நிலையம் விநாடிக்கு 11 பாக்கெட் அனுப்புகிறது. அவை தாளம் தப்பாமல் வந்து சேர்ந்தால் கவலையே இல்லை. அப்படி வருவதில்லை. மூன்று ஒன்றாக வரும், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே வராது. நடுவில் ஒன்று தொலைந்துவிட்டால் மறுபடி கேட்டு வாங்க வேண்டும். ஆனால் எண்களை மின்னழுத்தமாக மாற்றும் டிஏசி சிப்புக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. அதற்கு 23 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை அடுத்த எண் வேண்டும். இல்லையென்றால் ஒலி அறுந்துவிடும். அதனால்தான் நடுவில் பஃபர் என்று ஒரு தொட்டி. மேலே தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் கீழே குழாயில் சீராக விழும்.

தொட்டி நிரம்பும்வரை கேட்பவரைக் காக்க வைக்கக் கூடாது என்பதற்காக, ஐஸ்காஸ்ட் சர்வர் இணைந்தவுடனேயே 64 கிலோபைட்டை மொத்தமாகக் கொட்டிவிடும். வழக்கமான அமைப்பு அது. நம் கணக்கில் 4 விநாடி இசை. எச்எல்எஸ் என்ற இன்னொரு முறையில் நிலையம் தன் ஒலியைத் துண்டு துண்டான கோப்புகளாக வெட்டி வைக்கிறது. ஆப்பிள் பரிந்துரைப்பது துண்டுக்கு 6 விநாடி. பிளேயர் வழக்கமாக மூன்று துண்டு பின்னாலிருந்துதான் தொடங்கும். 18 விநாடி அங்கேயே போய்விட்டது.

கேட்டு வாங்கும் பாட்டுக்கும் நேரலை வானொலிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். பாட்டு முழுசாக சர்வரில் கிடக்கிறது. உங்கள் பெட்டி வேண்டிய வேகத்தில் இழுத்துக்கொள்ளலாம். ஆரம்பத்திலேயே பாதிப் பாட்டு வந்து இறங்கிவிடும். வைஃபையை அணைத்தாலும் கொஞ்ச நேரம் பாடும். நேரலையில் அது நடக்காது. அறிவிப்பாளர் இன்னும் பேசாததை எந்த சர்வராலும் முன்கூட்டி அனுப்ப முடியாதே! முதலில் கொட்டிய 4 விநாடிதான் கையிருப்பு. அதற்கு மேல் விநாடிக்கு ஒரு விநாடி வரும், விநாடிக்கு ஒரு விநாடி செலவாகும்.

ஆனால் யாருடைய விநாடி? நிலையத்தில் ஒலியை மாதிரி எடுக்கும் கருவிக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடிக்கிறது. உங்கள் பெட்டியின் டிஏசிக்குப் பக்கத்தில் இன்னொரு படிகம். இரண்டுமே 44,100 என்றுதான் சொல்லும். ஆனால் சாதாரணப் படிகங்கள் பத்து லட்சத்தில் சில பத்துகள் அளவுக்குப் பிசகுவது சகஜம். இரண்டுக்கும் நடுவே பத்து லட்சத்துக்கு 50 வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 86,400 விநாடி, பிசகு 4.3 விநாடி. உங்கள் படிகம் கொஞ்சம் அவசரக்காரன் என்றால் காலையில் 4 விநாடியோடு தொடங்கிய தொட்டி மறுநாள் காலைக்குள் காலி. இணைய இணைப்பில் ஒரு குறையும் இல்லாமலே பாட்டு நின்றுவிடும். சோம்பேறிப் படிகம் என்றால் தொட்டி மெல்ல வழியும். பாட்டைக் கேட்டு வாங்கும்போது இந்தச் சிக்கலே எழாது. அங்கே ஓடுவது ஒரே கடிகாரம், உங்களுடையது.

மலிவான பெட்டிகள் இதற்கு ஒன்றும் செய்வதில்லை. தொட்டி வறண்டால் ஒரு கணம் மௌனமாகி மறுபடி நிரப்பிக்கொள்ளும். நல்ல பெட்டிகள் தொட்டியின் மட்டத்தைக் கவனித்தபடி, விநாடிக்கு 44,100 மாதிரிகளுக்குப் பதில் 44,098 என்று மெல்லத் தளர்த்தும். சுருதி மாறிவிடாதா என்றால், மாறும்தான். ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் அதிர்வெண்ணில் 6 சதவீத வித்தியாசம். இந்தத் திருத்தம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. எப்பேர்ப்பட்ட சங்கீத வித்வானும் கண்டுபிடிக்க முடியாது.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு வீண் செலவும் மிச்சம். ரவுட்டரிலிருந்து ஸ்டீரியோவுக்கு விலையுயர்ந்த நெட்வொர்க் கேபிள் போட்டால் இசை துல்லியமாகும் என்று விற்பவர்கள் உண்டு. பாக்கெட்டுகள் எப்போது வந்தன என்ற விவரம் தொட்டியில் விழுந்ததுமே மறைந்துவிடுகிறது. அதிலிருந்து வெளியே வரும் எண்களுக்கு நேரம் குறிப்பது டிஏசியின் படிகம்தான். எண்கள் சரியாக வந்தால் இசை, வராவிட்டால் மௌனம். நடுவில் 'கொஞ்சம் மங்கலான' நிலை என்று ஒன்று கிடையாது.

புளூடூத் வேறு ரகம். அங்கே வானொலியை வாங்குவது உங்கள் போன். அது எம்பி3 ஓடையைப் பிரித்து, எஸ்பிசி போன்ற இன்னொரு முறையில் மறுபடி சுருக்கி ஸ்டீரியோவுக்கு அனுப்புகிறது. ஏற்கனவே கஞ்சத்தனம் செய்த ஒலியில் இரண்டாவது கஞ்சத்தனம். போதாததற்கு, அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், போன் அறையை விட்டுத் தள்ளிப் போனால் விட்டுவிட்டுக் கேட்கும். வைஃபையில் இயங்கும் பல பெட்டிகளில் போனுக்கு வெறும் ரிமோட் வேலைதான். நிலையத்தின் முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், மீதியைப் பெட்டியே நேரடியாக வாங்கும். உங்களுடையது எந்த வகை என்று தெரிய, நேரலை வானொலி ஓடும்போது போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வைஃபையும் புளூடூத்தும் அணைந்துவிட்டனவா என்றும் பாருங்கள். தொடர்ந்து பாடினால் போன் நடுவில் இல்லை.

கடைசியாக, பெட்டியை ஆம்ப்ளிஃபையரில் எங்கே செருகுவது? சிவப்பு, வெள்ளை ஜாக்குகளில் ஆக்ஸ், சிடி, லைன் என்று எழுதியது எதுவானாலும் சரி. போனோ என்று எழுதியதை மட்டும் தொடாதீர்கள். அது இசைத்தட்டு முள்ளின் சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது. பெட்டியிலிருந்து வரும் ஓரிரு வோல்ட்டை அங்கே கொடுத்தால் பாஸ் ஊதிப் பெருத்து ஒலி சிதறும்.

ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்டால், பல நேரம் அது இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகளுக்கு நடுவே ஓடும் மின்சாரம். ஒலியை ஒளியாகக் கொண்டுபோகும் ஆப்டிகல் கேபிளுக்கு மாறினால் அந்த வழியில் வரும் இரைச்சல் போய்விடும். ஒளி போகும் இழையில் மின்சாரம் போகாது. அப்படி மாறும்போது எண்களை மின்னழுத்தமாக மாற்றும் வேலை ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் டிஏசிக்குப் போகிறது. ஆனால் கடிகாரம் பெட்டியுடையதுதான். ஒளியில் வரும் துடிப்பைப் பின்பற்றித்தான் ஆம்ப்ளிஃபையர் தன்னைச் சரிசெய்துகொள்ளும். யுஎஸ்பி வழியாகத் தனி டிஏசியை இணைத்தால் பெரும்பாலும் நிலைமை தலைகீழ்: டிஏசி தன் படிகத்தைப் பார்த்து, "இப்போது ஒன்று கூடுதலாக அனுப்பு, இப்போது ஒன்று குறை" என்று பெட்டியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.