மினமாட்டா உடன்படிக்கை: பாதரசத்துக்கு என்னென்ன தடை, உங்களுக்கு என்ன உரிமை?

பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம்தான் மினமாட்டா உடன்படிக்கை. 2013 அக்டோபரில் ஜப்பானின் குமமோட்டோவில் ஏற்கப்பட்டது. 2017 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தது. இது நேரடியாக உங்கள் மேல் பாயும் சட்டம் அல்ல. சேர்ந்த நாடு ஒவ்வொன்றும் தன் சட்டங்கள் வழியாக இதை நிறைவேற்ற வேண்டும்.

ஓர் உலோகத்துக்கு மட்டும் ஏன் தனி ஒப்பந்தம்? காற்றில் கலந்த பாதரச ஆவி மாதக்கணக்கில் மிதந்து கண்டம் விட்டுக் கண்டம் போகும். நீருக்கு வந்ததும் அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசம் என்ற கொடிய நச்சாக மாற்றுகின்றன. சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன மீனின் உடலில் இந்த நச்சின் அளவு கூடிக்கொண்டே போகிறது. அந்த மீனைக் கர்ப்பிணி சாப்பிட்டால் நஞ்சுக்கொடியையும் தாண்டிக் குழந்தையின் மூளையைத் தொடுகிறது. ஒரு நாடு தனியாக நின்று இதைத் தடுக்க முடியாது.

வீட்டுக்குள் தெரியும் மாற்றம் பொருட்களில்தான். பாதரசத் தெர்மாமீட்டர், ரத்த அழுத்தமானி, பல வகை பேட்டரிகள், சுவிட்சுகள் ஆகியவற்றின் தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி மூன்றையும் நிறுத்த 2020 கெடுவாக வைக்கப்பட்டது. விலக்குக் கேட்டுப் பதிவு செய்த நாடுகளுக்குக் கூடுதல் அவகாசம் உண்டு. ஏற்கெனவே கையில் இருப்பதை வைத்திருப்பது இந்தத் தடைக்குள் வராது. சருமத்தை வெளுப்பாக்கும் க்ரீம்களில் முதலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கூடாது என்றிருந்தது. 2023-ல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுப்பொருள் எதுவுமே 2025-க்குப் பிறகு கூடாது என்று முடிவு செய்தார்கள். சில தடுப்பூசிகள் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கப்படும் தயோமெர்சல் என்ற பாதரசச் சேர்மத்துக்கு விலக்கு இருக்கிறது. அதிலிருப்பது மீனில் சேரும் மெத்தில் பாதரசம் அல்ல, எத்தில் பாதரசம். உடலை விட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடும். அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

பெரிய அளவு பாதரசம் வெளியேறுவது வேறு இடங்களில். சிறு அளவில் தங்கம் எடுக்கும் சுரங்கங்கள்தான் முதல் இடம். தங்கத் துகளைப் பாதரசத்தோடு சேர்த்துத் திறந்தவெளியில் எரிக்கிறார்கள். அப்புறம் அனல் மின் நிலையங்கள், உலோக உருக்காலைகள், சிமெண்ட் ஆலைகள், குப்பை எரிப்பு ஆலைகள். புதிய ஆலைகளுக்கு ஐந்து ஆண்டுக்குள்ளும் பழையவற்றுக்குப் பத்து ஆண்டுக்குள்ளும் கட்டுப்பாடு வர வேண்டும். ஒரு நாட்டுக்கு உடன்படிக்கை எப்போது நடைமுறைக்கு வந்ததோ, அதிலிருந்து இந்தக் கணக்கு தொடங்கும்.

என்னைக் கேட்டால், இதில் மிக முக்கியமானது 17-வது பிரிவில் இருக்கும் ஒரே ஒரு வரி: மனிதர் உடல்நலம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் தொடர்பான தகவலை ரகசியம் என்று கருதக் கூடாது. இதன் அருமை, உடன்படிக்கைக்குப் பெயர் தந்த ஜப்பானின் மினமாட்டா ஊரின் கதை தெரிந்தால் புரியும். அங்கே மீன் வழியாக வந்த பாதரச நச்சு நோய் முதலில் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956-ல். 1959-ல் அவ்வூரில் இருந்த சிஸ்ஸோ ரசாயன ஆலையின் மருத்துவமனை மருத்துவர் ஹொசோகாவா, ஆலைக் கழிவுநீரைப் பூனைக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். பூனைக்கும் அதே நோய் வந்தது. அந்த முடிவை ஆலை நிர்வாகம் மறைத்துவிட்டது. 1968 வரை கழிவு கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தது. காரணம் தெரிந்தும் ஒன்பது ஆண்டுகள்! ஆய்வு மேசையில் இருந்த உண்மை மீனவக் குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

அதனால் 18-வது பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். பாதரசத்தின் பாதிப்புகள், மாற்றுப் பொருட்கள், ஆய்வு முடிவுகள், கண்காணிப்பு விவரங்கள் ஆகியவை மக்களுக்குக் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. எந்த மீனை எவ்வளவு சாப்பிடலாம், பக்கத்து ஆலையிலிருந்து எவ்வளவு பாதரசம் வெளியாகிறது என்றெல்லாம் நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். தகவல் பரிமாற்றத்துக்கென்று ஒவ்வொரு நாடும் ஓர் அதிகாரபூர்வத் தொடர்பாளரை நியமித்திருக்க வேண்டும். உடன்படிக்கையின் இணையதளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. உங்கள் கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள், 17-வது பிரிவையும் குறிப்பிடுங்கள்.